ஸ்பைரல் பைண்டிங்கும் நடு இரவு நோட்டும்: சின்ன ஆஸ்பத்திரிகளுக்கான திட்டச் சேவை எப்படி இருக்கிறது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் முப்பது முதல் நூறு படுக்கை வரை உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளைத் தேடி வந்து விற்கப்படும் சேவை ஒன்று உண்டு. கொட்டேஷனில் 'உத்தித் திட்டமிடலும் செயல்திறன் மேம்பாடும்' என்று போட்டிருக்கும். விற்கும் ஆலோசகர்கள் வேறு வேறு, சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இங்கே யார் பெயரும் வராது. தொகுப்பைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

தொகுப்பில் இருப்பவை: இரண்டு நாள் ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்ப்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் பயிலரங்கு, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஐந்தாண்டுத் திட்டப் புத்தகம், முக்கியமான எண்களை ஒரே பார்வையில் காட்டும் எக்செல் தாளான டாஷ்போர்டு, அதற்குப் பிறகு பன்னிரண்டு மாதம் மாதத்துக்கு ஒரு தடவை எண்களை வைத்துக்கொண்டு உட்காரும் கூட்டம். விற்கும்போது இதே வரிசையில்தான் காட்டுவார்கள். பயன் கிடைப்பது தலைகீழ் வரிசையில். கடைசியில் வரும் மாதக் கூட்டம் காசுக்குத் தகும், டாஷ்போர்டு பாதி தகும், புத்தகம் அலமாரிக்கு. இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்க வேண்டிய ஒரு பக்கம் பெரும்பாலான தொகுப்புகளில் கிடையாது. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் புத்தகம். நோக்கம், தொலைநோக்கு, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாற்பது ஐம்பது பக்கம் ஓடும். பலம்: 'அர்ப்பணிப்புள்ள ஊழியர்கள்'. அச்சுறுத்தல்: 'அதிகரித்து வரும் போட்டி'. இதை எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் அட்டையை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம். புத்தகம் உங்களுக்காக எழுதப்பட்டதா என்று பார்க்க ஒரே ஒரு பக்கத்தைத் திருப்புங்கள்: நோயாளி எங்கிருந்து வருகிறார் என்ற பக்கம். குமரி சின்ன மாவட்டம்தான், ஆனால் ஒரே சந்தை இல்லை. மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் கால் திருவனந்தபுரத்துப் பக்கம்தான் திரும்பும். நாகர்கோவிலைச் சுற்றியவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி பக்கம். குலசேகரத்துக்கு மேலே மலையோரத்துக் கணக்கு வேறு, கடற்புறத்துக் கணக்கு வேறு. நெய்யூரில் 1838-லேயே மருத்துவப் பணி தொடங்கிவிட்ட மாவட்டம் இது. இங்கே ஜனங்களுக்கு நாலு ஆஸ்பத்திரியை ஒப்பிட்டுப் பார்த்துப் போகும் பழக்கம் புதிதல்ல. ஓபி ரிஜிஸ்டரிலிருந்து பன்னிரண்டு மாதத்து அஞ்சல் குறியீட்டு எண்களை எடுத்து, எந்த ஊரிலிருந்து எந்தத் துறைக்கு எத்தனை பேர் என்று ஒரு அட்டவணை போட்டிருந்தால் அந்தப் புத்தகத்தில் வேலை நடந்திருக்கிறது. மாவட்ட மக்கள் தொகையைப் போட்டு வட்ட வரைபடம் மட்டும் வரைந்திருந்தால் நடக்கவில்லை.

அடுத்துக் காலண்டர். இந்த ஊர் தெரிந்தவர் எழுதிய திட்டமா என்பதை இது காட்டிக்கொடுத்துவிடும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குமரிக்கு இரண்டும் உண்டு: சின்னமுட்டம் முதல் தடையில் வரும், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் இரண்டாவதில் வரும். கடலுக்குப் போகிறவர் கரையில் இருக்கும் அந்த நாட்களில்தான் தள்ளிப் போட்ட குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்க முடியும். கையில் காசு குறைவாக இருக்கும் நாட்களும் அவைதான். ஆகவே காப்பீட்டு மேசையில் கூடுதலாக ஒரு ஆள் வேண்டும். ரப்பர் தோட்டங்களில் மழைக்காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பால்வெட்டு குறையும்போது மலையோரத்தில் இதே கதை. ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, கிறிஸ்துமஸ் வாரங்களில் அவசரமில்லாத அட்மிஷன் இறங்கும். 'ஒவ்வொரு மாதமும் 5 சதவீத வளர்ச்சி' என்று நேர்கோடு போட்ட இலக்கு டிசம்பரில் உடையும். உடைந்ததும் கூட்டத்தில் யாரோ ஒருவர் திட்டு வாங்குவார். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடும் இலக்கு போதும்.

இனி இல்லாத அந்தப் பக்கம். வரையறைப் பக்கம் என்று சொல்லலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே எதை எண்ணுகிறோம், கீழே எதால் வகுக்கிறோம், எந்த நோட்டிலிருந்து எடுக்கிறோம், யார் எடுக்கிறார், எத்தனை மணிக்கு எடுக்கிறார் என்ற ஐந்தும் எழுதிய பக்கம். இது இல்லாத டாஷ்போர்டு வண்ணப் படம்தான்.

படுக்கை நிரப்பு விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். ஐம்பது படுக்கை, ஏப்ரல் மாதம் 30 நாள், மொத்தம் 1500 படுக்கை நாள். ஒவ்வொரு வார்டிலும் இரவு 12 மணிக்குப் படுக்கையில் இருப்பவர்களை நைட் டியூட்டி சிஸ்டர் எண்ணி நோட்டில் எழுதுகிறார். மாதம் முழுக்கக் கூட்டினால் 960 என்று வைப்போம். 960-ஐ 1500-ஆல் வகுத்தால் 64 சதவீதம். அந்த மாதம் டிஸ்சார்ஜ் 240 என்றால் சராசரி தங்கும் நாள் 4.

இதே ஆஸ்பத்திரியில் பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து எண்ணை எடுத்தால் என்ன ஆகும்? பில்லில் அட்மிஷன் நாளும் ஒரு நாள், டிஸ்சார்ஜ் நாளும் ஒரு நாள் என்று போடும் வழக்கம் இருந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நாள் கூடும். 960 என்பது 1200 ஆகும். நிரப்பு விகிதம் 80, தங்கும் நாள் 5. வார்டில் ஒரு ஆள்கூடக் கூடவில்லை, ஆனால் முதலாளி டாக்டர் மாடியில் இன்னொரு வார்டு கட்ட பேங்க் மேனேஜரோடு பேசத் தொடங்கிவிடுவார். எதிர்ப்பக்கமும் தவறு வரும். ஒரே நாளில் வந்து போகும் 60 டயாலிசிஸ், கண்புரை கேஸ்களை டிஸ்சார்ஜோடு சேர்த்தால் 960-ஐ 300-ஆல் வகுக்கிறோம், தங்கும் நாள் 3.2 என்று வரும். சிகிச்சை வேகமாகிவிட்டது என்று ஸ்லைடில் பச்சை அம்புக்குறி ஏறும்.

கீழே போடும் 1500-ம் சந்தேகத்துக்குரியதுதான். பதிவுச் சான்றிதழில் 50 படுக்கை இருக்கும், அதில் ஆறு ஸ்டோர் ரூமாக மாறியிருக்கும். 44 படுக்கைக்குப் போட்டால் 1320, விகிதம் 73-க்குப் பக்கத்தில். எந்த எண்ணை எடுத்தாலும் குற்றமில்லை, மாதத்துக்கு மாதம் மாறக் கூடாது. கேஷுவாலிட்டிக் கட்டில், பிரசவ மேசை, ஆபரேஷனுக்குப் பின் கொஞ்ச நேரம் கிடத்தும் கட்டில், தாயோடு இருக்கும் குழந்தையின் தொட்டில் ஆகியவை கணக்கில் சேராது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஆலோசகர் முதல் நாள் வந்ததும் அந்த நடு இரவு நோட்டைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்டால் ஆள் விஷயம் தெரிந்தவர். நோட்டைப் புரட்டி, பல நாட்களின் எண் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் இன்னும் நல்ல ஆள். மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய நோட்டு அப்படித்தான் இருக்கும். அதற்கு சிஸ்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த எண்ணை யாரும் இதுவரை திருப்பிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

தொற்று எண்களில் தொகுப்புகள் செய்யும் தவறு வேறு வகை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் செய்த மாதிரித் தாளை அப்படியே தூக்கி வைத்துவிடுகிறார்கள். சிறுநீர் வெளியேற வைக்கும் குழாயால் வரும் தொற்றை ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் ஒரு குழாய் நாள்) இத்தனை என்று கணக்கிடுவது முறைதான். ஆனால் சின்ன ஐசியுவில் ஒரு மாதம் முழுக்க 80 குழாய் நாள்தான் சேரும். இரண்டு பேருக்குத் தொற்று வந்தால் ஆயிரத்துக்கு 25, கட்டம் சிவப்பு. அடுத்த மாதம் யாருக்கும் இல்லை, பூஜ்யம், கட்டம் பச்சை. இரண்டு மாதத்துக்கும் நடுவில் யாரும் எதையும் மாற்றவில்லை. சின்ன எண்ணின் ஆட்டம் இது. இதற்கு இரண்டு வழி: ஒவ்வொரு மாதமும் கடைசிப் பன்னிரண்டு மாதத்தைச் சேர்த்து நகரும் கணக்காகப் போடுவது, அல்லது 'கடைசித் தொற்று வந்து எத்தனை நாள் ஆயிற்று' என்று சுவரில் எழுதுவது. இரண்டாவது வழி வார்டில் எடுபடுகிறது, ஏனென்றால் அதைப் படிக்க சதவீதம் தெரிய வேண்டியதில்லை.

மற்ற எண்களுக்கும் சிவப்பு பச்சைக் கட்டத்தைவிட ஒரு கோட்டுப் படம் மேல். மாத எண்களைப் புள்ளியாக வைத்து, நடு எண்ணில் (சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) ஒரு கிடைக்கோடு போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கத்தில் விழுந்தாலோ, ஐந்து புள்ளி விடாமல் ஏறினாலோ இறங்கினாலோ ஏதோ உண்மையிலேயே மாறியிருக்கிறது. அதற்குக் குறைந்த ஆட்டத்துக்கு விளக்கம் கேட்டு யாரையும் கூப்பிட வேண்டாம். எக்செல் விற்கிறவர்களில் இதைப் போட்டுத் தருகிறவர்கள் குறைவு. கேட்டால் போடுவார்கள்.

ஆபரேஷன் காயத் தொற்று பூஜ்யம் என்று ஒரு டாஷ்போர்டு காட்டினால் உடனே கேட்க வேண்டியது: டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பார்த்தார்கள்? சாதாரண ஆபரேஷனுக்கு 30 நாள், உள்ளே பிளேட், செயற்கை மூட்டு போன்றவை வைத்த பல ஆபரேஷன்களுக்கு 90 நாள் வரை கவனிக்க வேண்டும் என்பது முறை. நோயாளி ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகிறார், பத்தாம் நாள் சீழ் வைத்தால் பக்கத்துக் கிளினிக்கில் காட்டுகிறார், ஆஸ்பத்திரிக்குத் தெரிவதே இல்லை. 7, 14, 30 ஆகிய நாட்களில் போன் போட்டு மூன்று கேள்வி கேட்கும் ஏற்பாடு வேண்டும்: சிவப்பு இருக்கிறதா, நீர் வடிகிறதா, காய்ச்சல் உண்டா. கடல் தொழில் செய்கிறவர் படகில் போய்விட்டால் போன் கிடைக்காது, வீட்டில் இன்னொருவருடைய எண்ணையும் டிஸ்சார்ஜ் அன்றே வாங்கி வைக்க வேண்டும். போன் எடுக்காதவர்களை 'தொற்று இல்லை' என்ற கணக்கில் போடக் கூடாது. எத்தனை பேர் கிடைத்தார்கள் என்பதையும் எண்ணோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

டிஸ்சார்ஜ் நேரம் எல்லாத் தொகுப்பிலும் உண்டு. எல்லாவற்றிலும் சராசரியாகவே இருக்கிறது. பத்து நோயாளி, அதில் ஆறு பேர் ரொக்கம், ஆளுக்கு 90 நிமிடம். நாலு பேர் காப்பீடு, ஆளுக்கு 330 நிமிடம். சராசரி 186 நிமிடம். அந்த 186 நிமிடத்தில் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வரிசையாகப் பிரித்தால்தான் நோய் எங்கே என்று தெரியும். ரொக்க வரிசையில் தாமதம் பெரும்பாலும் கேஸ் ஷீட் டாக்டரின் கையெழுத்துக்குக் காத்துக் கிடப்பதும், மீந்த மருந்தை ஃபார்மசியில் திருப்பிக் கொடுப்பதும். முந்தின நாள் மாலை ரவுண்ட்ஸிலேயே 'நாளை போகலாம்' என்று குறித்து, டிஸ்சார்ஜ் சுருக்கத்தை இரவிலேயே டைப் செய்துவிட்டால் அதில் பாதி தீரும். காப்பீட்டு வரிசையில் தாமதம் வெளியே இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ரொக்கமில்லா சிகிச்சைக்கு டிஸ்சார்ஜ் கோரிக்கை போய்ச் சேர்ந்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி வர வேண்டும். ஆகவே கோரிக்கை அனுப்பிய மணியையும் அனுமதி வந்த மணியையும் தனித்தனியாகக் குறித்தால் தாமதம் யாருடையது என்பது எழுத்தில் இருக்கும். தொடக்கம் எது, முடிவு எது என்பதையும் வரையறைப் பக்கத்தில் போடுங்கள்: டாக்டர் ஆர்டர் எழுதிய மணி முதல் நோயாளி படுக்கையை விட்டு எழுந்த மணி வரை. பில் கட்டிய மணியோடு நிறுத்தினால் எண் அழகாக இருக்கும். நோயாளி ஆம்புலன்ஸுக்குக் காத்துக்கொண்டு இன்னும் கட்டிலிலேயே இருப்பார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரி என்றால், திரும்பி வந்த க்ளெய்ம்களை எண்ணிக்கையில் ஒரு தடவையும் ரூபாயில் ஒரு தடவையும் பார்க்கும் அட்டவணை வேண்டும். வர வேண்டிய பணத்தை 30, 60, 90 நாள் என்று வயது பிரித்துக் காட்டவும் வேண்டும். பல தொகுப்புகளில் இது கிடையாது. இதைக் கேட்டு வாங்கும் ஆஸ்பத்திரிக்கு ஆலோசகர் கூலி இதிலிருந்தே வந்துவிட வாய்ப்புண்டு, ஏனென்றால் திரும்பும் க்ளெய்ம்களில் கணிசமானவை போட்டோ, ரிப்போர்ட், தேதி என்று காகிதக் குறையால் திரும்புபவை.

நர்ஸ்கள் வேலையை விட்டுப் போகும் கணக்கும் குமரிக்கு முக்கியம். பன்னிரண்டு மாதத்தில் விட்டவர்களைச் சராசரி ஆள் எண்ணிக்கையால் வகுப்பது. சராசரி 30 பேர், 12 பேர் விட்டார்கள் என்றால் 40 சதவீதம். வெளிநாட்டு வேலைக்கு அனுபவச் சான்றிதழ் சேர்க்கத்தான் பலர் இங்கே சேர்கிறார்கள். அதைச் 'சம்பள அதிருப்தி' என்று எழுதுகிற புத்தகம் ஊரைப் பார்க்காமல் எழுதியது. 40 சதவீதம் மாறும் இடத்தில் கை கழுவும் பயிற்சியை ஜனவரியில் ஒரு தடவை நடத்தினால் ஜூலையில் வார்டில் இருப்பவர்களில் பலர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒன்று, அரை மணி நேரம், வார்டிலேயே.

டாஷ்போர்டில் எத்தனை எண்? 1992-ல் நிர்வாகவியல் அறிஞர்கள் கேப்லன், நார்ட்டன் இருவரும் முன்வைத்த நாலு பக்கப் பார்வையை, அதாவது பணம், நோயாளி, உள்வேலை, கற்றல் என்பதை எடுத்துக்கொண்டு, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து வீதம் நாற்பது ஐம்பது எண்களைத் திணிக்கிறார்கள். ஐம்பது படுக்கைக்குப் பன்னிரண்டு போதும். நாற்பதைத் திரட்டத் தனி ஆள் வேண்டும், அந்த ஆள் இல்லாததால் மூன்றாம் மாதத்திலிருந்து எண்கள் மேசையிலேயே பிறக்கும்.

மாதக் கூட்டம்தான் சேவையின் உயிர். நன்றாக நடத்துகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் முடிக்கிறார்கள். காலையில் ஓபியும் ஆபரேஷனும், மாலையில் மறுபடி ஓபி என்று ஓடும் ஊரில் மதியம் இரண்டு மணிக்கு வைத்தால்தான் முதலாளி டாக்டர் வருவார். அவர் வராத கூட்டத்தில் முடிவு எதுவும் நிற்காது. ஒவ்வொரு எண்ணையும் ஆலோசகர் வாசிக்கக் கூடாது, அந்த எண்ணுக்குப் பொறுப்பானவர் வாசிக்க வேண்டும். மோசமான எண்ணுக்கு என்ன செய்யப் போகிறோம், யார், எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி எழுத வேண்டும். அடுத்த கூட்டம் அந்த மூன்று வரியில்தான் தொடங்க வேண்டும். கெடுவது ஒரே இடத்தில்: நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தார், மருந்து மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்த சிஸ்டருக்குக் கூட்டத்தில் வசவு விழுந்தால் அடுத்த மாதம் எண் பூஜ்யம். மருந்துத் தவறு பூஜ்யம் என்று சொல்லும் வார்டில் தவறு இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் எழுதவில்லை என்று அர்த்தம். முதல் மூன்று மாதம் அந்த எண் ஏறினால் சேவை வேலை செய்கிறது. இதை முன்கூட்டியே முதலாளியிடம் சொல்லி வைக்கும் ஆலோசகருக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்ஏபிஹெச்-இன் அங்கீகாரத்தையும் சேர்த்துத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கையில் உள்ள தரப்பட்டியலைக் கேளுங்கள். 2020-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் சரிபார்க்க வேண்டிய 651 கூறுகள், 2025-ல் வந்த ஆறாம் பதிப்பில் 639. இன்னும் 651 வைத்திருந்தால் பழைய சரக்கு. ஐம்பது படுக்கை வரை உள்ள ஆஸ்பத்திரிக்குத் தனித் தரப்பட்டியல் உண்டு. பெரிய பட்டியலைக் காட்டிப் பயமுறுத்தினால் அதையும் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்காக 2013-ல் வந்த தேசியத் தர உறுதிப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடும் எளிய முறை. சுத்தத்துக்கு 2015-ல் தொடங்கிய காயகல்ப் பட்டியலும் அப்படியே. இரண்டையும் அச்செடுத்து ஆஸ்பத்திரிக்காரர்களே ஒரு சுற்று போட்டுவிட்டால், ஆலோசகரின் முதல் இரண்டு நாள் சுற்றிப் பார்ப்புக்குக் கொடுக்கும் தொகையைப் பேரம் பேசிக் குறைக்கலாம்.

ஒப்பந்தத்தில் மூன்று இடத்தில் கை வையுங்கள். பணத்தின் பெரும்பகுதியைப் புத்தகம் கொடுத்த நாளில் கேட்பார்கள். அதை நடந்த மாதக் கூட்டங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். எக்செல் ஃபைலில் சூத்திரங்களைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டித் தந்தால் வாங்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்த மறுமாதம் ஒரு வரி சேர்க்க வேண்டுமானாலும் அவர்களையே கூப்பிட வேண்டிவரும். கடைசி மூன்று கூட்டங்களை ஆஸ்பத்திரி ஆட்களே நடத்த வேண்டும், ஆலோசகர் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். வாட்ஸாப்பில் போகும் தாளில் நோயாளி பெயர் வேண்டாம், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) போதும்.

முப்பது படுக்கைக்குக் கீழே இருந்தால் முழுத் தொகுப்பு தேவையில்லை. வரையறைப் பக்கத்துக்கும் ஆறு மாதக் கூட்டத்துக்கும் மட்டும் விலை கேளுங்கள். எழுபது எண்பது படுக்கைக்கு மேல், இரண்டு மூன்று துறை, காப்பீட்டு மேசை எல்லாம் இருந்தால் பன்னிரண்டு மாதமும் எடுக்கலாம், புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லி. ஏப்ரலில் தொடங்குவது கணக்கு வருடத்துக்கு ஒத்துவரும். அதற்கு முந்தின மூன்று மாதம் நடு இரவு நோட்டை மட்டும் ஒழுங்காக எழுத வைத்துவிட்டால், முதல் கூட்டத்திலேயே மேசையில் வைக்க ஒரு உண்மையான எண் இருக்கும்.